‘யோசிக்காதீங்க’ என்றால் சீனி இறங்குமா?

கேள்வி இது: மட்டக்களப்பில் களுவாஞ்சிகுடிப் பக்கம் ஓர் அம்மா, வயது 56. ஐந்து வருடமாகச் சீனியும் பிரசரும். மாதாமாதம் கிளினிக் போகிறார், குளிசையும் தவறுவதில்லை என்கிறார். இருந்தும் இரண்டும் இறங்கவில்லை. போகும்போதெல்லாம் “கனக்க யோசிக்காதீங்க அம்மா” என்று சொல்லி அனுப்புகிறார்கள். யோசனை உண்மையாகவே சீனியைக் கூட்டுமா? கூட்டுமென்றால் வீட்டில் என்ன செய்வது? தமிழர், முஸ்லிம்கள், வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை என்று இது ஆளுக்கு ஆள் மாறுமா?

கூட்டும். ஆனால் “யோசிக்காதீங்க” என்று சொல்வது காய்ச்சல்காரரிடம் “சுடாதீங்க” என்று சொல்வது போலத்தான். எதை யோசிக்கிறார் என்று கேட்ட பிறகுதான் வேலையே தொடங்கும். கிழமைக் கடனை யோசிப்பவருக்கும், காணாமல் போன மகனை யோசிப்பவருக்கும், இரவில் யானை வருமென்று விழித்திருப்பவருக்கும் நெஞ்சு ஒரே மாதிரித்தான் படபடக்கும். செய்ய வேண்டியது மூன்றுக்கும் வெவ்வேறு.

முதலில் உடம்புக்குள் நடப்பதைப் பார்ப்போம். பயமோ கவலையோ வந்தால் சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் இரண்டு பொருட்களை விடுகின்றன. அட்ரினலின் நொடிக்கணக்கில் வேலை செய்யும்: நெஞ்சு அடிக்கும், இரத்தக் குழாய் இறுகும், பிரசர் ஏறும். கோர்ட்டிசோல் ஆறுதலாக வந்து மணிக்கணக்கில் நிற்கும்: ஈரலில் இருக்கும் சீனியை இரத்தத்துக்குள் திறந்துவிடும், இன்சுலினுக்குத் தசைகள் மசியாமல் செய்யும். யானை துரத்தினால் ஓடித் தப்புவதற்கு இது நல்ல ஏற்பாடு. யானை போனதும் எல்லாம் பழையபடி அடங்கிவிடும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் வாசலுக்கு வரும் தவணை அப்படிப் போவதில்லை. அதனால் அடங்க வேண்டியது அடங்காமலே கிடக்கிறது.

இது ஒரு வழி. இன்னொரு வழியும் இருக்கிறது, நடைமுறையில் கூடுதலாகக் கெடுப்பது அதுதான் என்பது என் கணிப்பு. யோசனை உள்ளவர் நித்திரை கொள்வதில்லை, நடப்பதில்லை, நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை. கோபத்தில் ஒருநாள், சலிப்பில் ஒருநாள் குளிசையை விடுகிறார். ஹோமோன் கணக்கை விட இந்தக் கணக்குப் பெரிது, திருத்துவதும் சுலபம்.

ஆனால் எல்லாவற்றையும் யோசனையின் தலையில் கட்ட முதல், அளந்தது சரியா என்று பாருங்கள். விடிய நாலு மணிக்கு எழும்பி, வெறும் வயிற்றோடு பஸ் பிடித்து, நம்பர் எடுக்க ஓடி, வாங்கில் நெருக்கியடித்து இருந்துவிட்டு, பெயர் கூப்பிட்டதும் எழும்பிப் போய்க் கையை நீட்டினால், வரும் எண்ணில் அந்த ஓட்டமும் சேர்ந்துதான் இருக்கும். சரியாக அளக்க வேண்டுமென்றால் ஐந்து நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், இரண்டு பாதமும் நிலத்தில், காலுக்கு மேல் கால் இல்லை, கை மேசையில் நெஞ்சு மட்டத்தில். சலம் முட்டியிருக்கக் கூடாது. அரை மணி நேரத்துக்குள் தேத்தண்ணி, கோப்பி, சுருட்டு, புகையிலை போட்ட வெற்றிலை எதுவும் கூடாது. ஒன்றிரண்டு நிமிட இடைவெளியில் இரண்டு தரம் அளந்து சராசரி எடுக்க வேண்டும். சனம் நிறைந்த கிளினிக்கில் இது நடக்காது, அதற்குத் தாதியைக் குறை சொல்லிப் பயனில்லை. வீட்டில் செய்யலாம். மேற்கையில் கட்டும் டிஜிட்டல் கருவி ஒன்றை நாலு வீடு சேர்ந்து வாங்கினாலும் போதும் (மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம்). காலையில் குளிசைக்கு முதலும் பின்னேரமும் ஏழு நாள் அளந்து எழுதுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு மீதி ஆறு நாளின் சராசரியைப் பாருங்கள். கிளினிக்கில் 140/90 என்பது எல்லையென்றால் வீட்டு அளவுக்கு 135/85 எல்லை.

இன்னொரு பிழை அடிக்கடி நடக்கும். “வெறும் வயிற்றோட வாங்க” என்றதும் பிரசர்க் குளிசையையும் போடாமல் போவார்கள். பிரசர் ஏறி நிற்கும். டொக்டர் மருந்தைக் கூட்டுவார். வீட்டுக்கு வந்து கூட்டிய மருந்தை ஒழுங்காகப் போட்டால் தலைச்சுற்று வரும். “இந்த மருந்து எனக்குச் சரிவராது” என்று அதையும் விடுவார்கள். பொதுவாக, சீனிக் குளிசையும் ஊசியும்தான் இரத்தம் எடுத்து, சாப்பிடும்வரை பொறுக்க வேண்டும். பிரசர்க் குளிசையை ஒரு வாய் தண்ணீரோடு போடலாம். உங்கள் கிளினிக்கில் ஒருதரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

சீனியிலும் ஒரு ஏமாற்று உண்டு. கிளினிக்குக்கு மூன்று நாள் இருக்கச் சோற்றைக் குறைத்து, பாகற்காய் சாறு குடித்து, அந்தக் காலைச் சீனியை நல்லாக் காட்டிவிடுவார்கள். எச்பிஏ1சி என்ற பரிசோதனை கிட்டத்தட்ட மூன்று மாதச் சராசரியைச் சொல்லும், அதற்கு மூன்று நாள் பத்தியம் செல்லாது. பலருக்கு இலக்கு 7 வீதம் அளவில். காலைச் சீனி 120, எச்பிஏ1சி 9 என்றால் மனசை விசாரிக்க முதல் சட்டியை விசாரிக்க வேண்டும்.

சட்டியும் சமூகம்தான். அம்மா எல்லோருக்கும் போட்டுவிட்டு இரண்டரை, மூன்று மணிக்குச் சாப்பிடுவார். மிஞ்சிய கறி கொஞ்சம், மிஞ்சிய சோறு நிறைய. பின்னேரம் நாலு வீட்டுக்குப் போனால் நாலு தேத்தண்ணி, “வேணாம்” என்றால் வீட்டுக்காரர் முகம் சுருங்கும். ஒரு கோப்பைக்கு இரண்டு கரண்டி என்றாலும் எட்டுத் தேக்கரண்டி சீனி, 30 கிராமுக்கு மேல். “எனக்குச் சீனி வருத்தம்” என்று சொல்ல வெட்கப்படுபவர்கள் இருக்கிறார்கள், மகளுக்குக் கலியாணம் பேசும் வீட்டில் இன்னும் கூட. அந்த வெட்கத்தை அம்மாவிடமிருந்து எடுப்பது பிள்ளைகளின் வேலை. போகும் வீட்டில் நீங்கள் முந்திச் சொல்லிவிடுங்கள்: “அம்மாக்கு வெறும் தேத்தண்ணி.”

குளிசை தவறுவதில்லை என்கிறார் அல்லவா, எண்ணிப் பாருங்கள். நாளுக்கு இரண்டு வீதம் 30 நாளுக்கு 60 தந்திருந்தால் 20ஆம் நாள் 20 மிஞ்ச வேண்டும். 34 மிஞ்சியிருந்தால் கோபிக்க வேண்டாம், ஏன் என்று கேளுங்கள். 2022இல் ஆஸ்பத்திரிகளில் மருந்துத் தட்டுப்பாடு வந்து “வெளியில வாங்குங்க” என்று துண்டு எழுதிக் கொடுத்த காலத்தில் பாதிப் பாதியாகப் போட்டு மிச்சம் பிடிக்கப் பழகியவர்கள் இன்னும் அப்படியே போடுகிறார்கள். மெட்போமின் என்ற சீனிக் குளிசை வயிற்றைப் பிரட்டுகிறது என்று விடுபவர்கள் உண்டு. சாப்பாட்டின் நடுவிலோ சாப்பிட்ட கையோடோ போட்டால் பெரும்பாலும் அது குறையும். பக்கத்து வீட்டுக்குக் கடனாகக் கொடுத்தவர்களும் உண்டு.

இவ்வளவும் சரி, இன்னும் இறங்கவில்லை என்றால் இப்போது யோசனைக்கு வருவோம்.

நம் பக்கத்தில் “எனக்கு மனச்சோர்வு” என்று யாரும் வந்து சொல்வதில்லை. உடம்பு ஏலாது, தலையிடி, நெஞ்சு படபடப்பு, கை கால் விறைப்பு, உள்ளங்கால் எரிவு, பெருமூச்சு வருது, சோறு இறங்குதில்ல. இப்படித்தான் வரும். கேட்பவர் தலையிடிக்குப் பனடோல் கொடுத்து அனுப்புவார். சொன்னது பொய்யில்லை, வலி உண்மையான வலிதான். ஆனால் அது எப்போது தொடங்கியது, எந்த நாளில் கூடுகிறது என்று கேட்டால் விசயம் வெளியில் வரும். “விசர்” என்ற சொல் இருக்கும்வரை “மனநோய்ப் பிரிவுக்குப் போவோம்” என்றால் வரமாட்டார்கள். “நித்திரை இல்லாததுக்கு மருந்து கேட்போம்” என்றால் வருவார்கள். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, நித்திரைதான் பெரும்பாலும் முதல் கதவு.

கேட்பதற்கு இரண்டு கேள்விகள் உலகம் முழுக்கப் பாவனையில் இருக்கின்றன. கடந்த இரண்டு கிழமையில், ஒன்று: முன்பு பிடித்த வேலைகளில் நாட்டமில்லாமல் இருந்ததா? இரண்டு: மனம் சோர்ந்து, நம்பிக்கை விட்டுப் போனது போல இருந்ததா? இல்லவே இல்லை 0, சில நாள் 1, பாதிக்கு மேற்பட்ட நாட்கள் 2, கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் 3. கூட்டினால் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் வைத்தியரிடம் ஒன்பது கேள்வி கொண்ட முழுச் சோதனைக்குப் போகலாம். படிவத்தை நீட்டிக் கேட்காதீர்கள். அரிசி புடைக்கும்போதோ மீன் வெட்டும்போதோ பக்கத்தில் இருந்து கேளுங்கள்: “இந்தமுறை சடங்குக்குப் போக மனமில்லையாம்மா?” கையில் வேலை இருக்கும்போது வாய் தானாகத் திறக்கும்.

கடன் என்று வந்தால். கிழமைக் கடன் எடுத்த பெண்கள் குழுவாகப் பிணை நிற்பது உங்களுக்குத் தெரியும். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும். இதில்தான் விசம் இருக்கிறது. வருத்தம் வந்தால் கஞ்சி வைத்துத் தரும் பக்கத்து வீட்டு மச்சாளே திங்கட்கிழமை தவணை கேட்டு வாசலில் நிற்கிறாள். ஆதரவாக இருந்த உறவு முழுவதும் கடன் வசூலிக்கும் உறவாகிவிடுகிறது. 2010இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு, 148 ஆய்வுகளையும் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட ஆட்களையும் சேர்த்துப் பார்த்தது. நெருக்கமான உறவுகள் உள்ளவர்கள் உயிரோடு இருப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 50 வீதம் கூட என்று கண்டது. அந்த உறவு முறியும்போது இழப்பும் பெரிதாகத்தான் இருக்கும். அதனால் ஏழு நாள் பிரசரை எழுதும்போது பக்கத்தில் தவணை நாளையும் குறியுங்கள். ஞாயிறு இரவும் திங்கள் காலையும் மட்டும் ஏறுகிறதென்றால் விசயம் பிடிபட்டுவிட்டது. பிறகு ஒரு தாளில் எல்லாக் கடனும், மீதித் தொகையும், கிழமைத் தவணையும் எழுதுங்கள். பல வீடுகளில் அம்மாவுக்கே மொத்தம் தெரியாது. ஒன்றைக் கட்ட இன்னொன்று எடுத்து, நகையும் ஈட்டில் இருக்கும். புதுக்கடன் எடுத்துப் பழங்கடன் கட்டுவதை அந்த இடத்தில் நிறுத்த வேண்டும். அரசாங்கத்தின் அஸ்வெசும உதவிப் பணம் கிடைக்காமல் இருந்தால் பிரதேச செயலகத்தில் மேன்முறையீடு பற்றிக் கேளுங்கள். பிரசர்க் குளிசையைக் கூட்டுவதை விட ஒரு தவணையைக் குறைப்பது சிலருக்குக் கூடுதலாக வேலை செய்யும்.

காணாமல் போனவர் இருக்கும் வீடு வேறு. செத்தவருக்கு அழலாம், எட்டுச் செய்யலாம், 31 செய்யலாம், ஊர் வந்து இருக்கும். காணாமல் போனவருக்கு எந்த நாளில் அழுவது? ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தத்தில் தகப்பன் இல்லாத பிள்ளைகள் பிதிர்க்கடன் தீர்க்க இறங்கும்போது, 1990இல் கூட்டிக்கொண்டு போகப்பட்டவரின் மகன் கரையில் நிற்கிறான். இறங்கினால் அப்பா செத்துவிட்டார் என்று தானே சொன்னதாகிவிடும். இறங்காவிட்டால் செத்தவருக்குச் செய்யாத பாவம். அம்மா பொட்டை அழிக்கவும் முடியாமல் வைக்கவும் கூசி 30 வருடத்துக்கு மேல் போய்விட்டது. தெளிவற்ற இழப்பு என்று உளவியலில் இதற்குப் பெயர் உண்டு. இதை ‘ஏற்றுக்கொள்ளாத நோய்’ என்று எடுத்து, “நடந்தது நடந்துட்டு, மறங்க” என்று சொல்வது பெரிய பிழை. இரண்டையும் ஒன்றாக வைத்திருக்க விடுவதுதான் வழி: வரலாம், வராமலும் போகலாம், அதுவரை விளக்கு ஏற்றுவோம். சட்டத்திலும் இதற்கு ஒரு இடம் வந்தது. மரணப் பதிவுச் சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு மரணச் சான்றிதழ் எடுக்க மனமில்லாத குடும்பம், ஆளைக் காணவில்லை என்று உறுதிப்படுத்தும் சான்றிதழ் எடுக்கலாம். காணி, வங்கி, உதவிப் பண வேலைகளுக்கு அதைக் காட்டலாம். “செத்துப்போனார்” என்று கையெழுத்துப் போட வேண்டியதில்லை என்று தெரிந்தாலே சில தாய்மாருக்கு ஒரு பாரம் இறங்கும்.

யுத்த காலத்தில் இந்தத் தாய்மார் போன இடம் அம்மன் கோயில். தெய்வமாடுபவரிடம் வாக்குக் கேட்டார்கள். 1990களில் மட்டக்களப்பில் இருந்து இதை ஆராய்ந்த மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ், வெளியில் வாய் திறக்க முடியாத காலத்தில் அழவும் பெயர் சொல்லவும் இருந்த இடமாக அந்தக் கோயில்களைப் பார்த்தார். ஆகவே கோயிலா கிளினிக்கா என்று அம்மாவைத் தெரிவு செய்ய வைக்காதீர்கள். நூல் கட்டட்டும், தண்ணீர் ஓதிக் குடிக்கட்டும், வைகாசியில் கண்ணகை அம்மன் குளிர்த்திக்கு நேர்த்தி வைக்கட்டும். குளிசை நிற்கக் கூடாது, அடி உதை பட்டினி கூடாது, பெரிய காசு கேட்டால் எழும்பி வாருங்கள். சில நிலைகளில் மட்டும் எங்கும் சுற்றாமல் நேரே ஆஸ்பத்திரி: காய்ச்சலோடு மாறாட்டம், வலிப்பு, பிள்ளை பெற்று இரண்டு மூன்று கிழமைக்குள் நித்திரையில்லாமல் புலம்பல் அல்லது பிள்ளையை அண்ட விடாமை. கடைசியாகச் சொன்னதைப் பேய்க்கோலம் என்று வைத்திருந்து தாயையும் பிள்ளையையும் இழக்கக் கூடாது. 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும்.

வீடும் ஒரு மருந்து. கிழக்கில் தமிழரும் முஸ்லிம்களும் பகிரும் ஒரு வழமை, வீடு மகளுக்குச் சீதனமாகப் போவதும் மருமகன் அங்கே வருவதும். அதனால் ஒரு பெண்ணுக்கு அடுத்த வேலிக்குள் தாயும் சகோதரியும் இருப்பார்கள். வருத்தம் வந்தால் ஆள் உண்டு, கணவன் கை ஓங்கினால் கேட்க ஆள் உண்டு.  2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி இந்த வேலிகளை அள்ளிப்போனது. இலங்கையில் அதிக உயிர் போனது அம்பாறை மாவட்டத்தில். பிறகு கட்டிக்கொடுத்த வீடுகளில் பல ‘குடும்பத் தலைவர்’ என்று ஆணின் பெயரில் பதிவாயின. குடும்பங்களைத் துண்டு துண்டாகக் கடலை விட்டுத் தூரத்தில் இருத்தினார்கள். சுவரும் கூரையும் கிடைத்தது, அடுத்த வேலிச் சகோதரி கிடைக்கவில்லை. மருமகனோடு சண்டை வந்தால் “இது என்ட வீடு” என்று சொல்ல முடியாமல் போனதும் சேர்த்தி. ஆகவே ஒருவரின் உடல்நலத்தைப் பார்க்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: வீட்டு உறுதி யார் பெயரில், கூப்பிட்ட குரலுக்கு யார் வருவார்? மகள் மத்திய கிழக்கில் என்றால் பேரப்பிள்ளைகளை வளர்ப்பதும் இதே அம்மாதான். 56 வயதில் விடிய எழும்பிப் பள்ளிக்கூடச் சாப்பாடு கட்டுபவருக்கு “காலையில் அரை மணி நேரம் நடவுங்கள்” என்றால் சிரிப்புத்தான் வரும். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வரும் வழியைச் சுற்று வழியாக்குங்கள், பத்துப் பத்து நிமிடம் மூன்று தரம் நடந்தாலும் கணக்கு ஒன்றே.

படுவான்கரைக்கு வேறு கணக்கு. மண்முனைப் பாலம் 2014இல் வரும்வரை ‘பாதை’ என்ற மிதவைப் படகுக்குக் காத்திருந்து வாவி கடந்தவர்கள், பொறுத்துக்கொள்வதையே பழக்கமாக்கியவர்கள். வருத்தம் முற்றித்தான் வருவார்கள். பெரும்போக நெல் முற்றும் காலத்தில் யானைக் காவல். ஆண்கள் பரணில் இரவு முழுக்க வெடியோடு விழித்திருப்பார்கள், வீட்டில் இருப்பவர் சுவர் இடியும் சத்தத்துக்குக் காது கொடுத்துக் கிடப்பார். அந்த ஒன்றிரண்டு மாதம் சீனி ஏறுவது சாப்பாட்டால் மட்டும் அல்ல. நித்திரை ஐந்து மணித்தியாலத்துக்குக் கீழே போனால் இன்சுலின் வேலை செய்வது குறையும். காவலை முறை வைத்து மாற்றி, கிழமையில் மூன்று இரவாவது முழு நித்திரை எடுக்கப் பாருங்கள். முழித்திருக்க என்று கசிப்பை எடுப்பது இரட்டைக் கேடு: முதலில் சீனியை விழுத்தும், பிறகு நித்திரையைக் கெடுக்கும்.

முஸ்லிம் ஊர்களில் இரண்டு காலம் கவனம். ஒன்று நோன்பு. நோன்புக்கு ஆறு முதல் எட்டுக் கிழமை முந்தியே டொக்டரைப் பார்த்துக் குளிசை நேரத்தை மாற்ற வேண்டும், தலைப்பிறை கண்ட பிறகு போனால் பிந்திவிடும். கிளிக்லசைட் போன்ற குளிசையும் இன்சுலினும் எடுப்பவருக்குப் பகலில் சீனி விழும் ஆபத்து உண்டு. விரலில் குத்திச் சீனி பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே உலமாக்கள் பெரும்பாலோர் சொல்வது. 70க்குக் கீழே போனாலோ 300க்கு மேல் ஏறினாலோ நோன்பைத் திறக்க வேண்டும். மற்றது இத்தா, கணவன் மௌத்தானால் பெண் வீட்டோடு இருக்கும் காலம். நாலு மாதமும் பத்து நாளும் பெண்கள் வந்து சுற்றி இருப்பது துக்கத்துக்கு நல்ல மருந்து. ஆனால் கிளினிக்குக்கே போகக் கூடாது என்று நினைத்துக் கொப்பி அலுமாரியில் கிடந்தால் அந்த நாலு மாதத்தில் கண்ணிலும் சிறுநீரகத்திலும் பழுது கூடலாம். வைத்தியத் தேவைக்கு வெளியில் போக இடம் உண்டு, மௌலவியிடம் முதல் கிழமையிலேயே கேட்டுவிடுங்கள். கொவிட் காலத்துத் துக்கம் இன்னும் தனி. 2020இல் இருந்து 2021 பெப்ரவரி வரை கொவிட்டில் மௌத்தான முஸ்லிம்களையும் எரித்தார்கள். 2021 மார்ச்சில் இருந்து ஒரு வருடம் ஓட்டமாவடி மஜ்மா நகரில் மட்டும் அடக்கினார்கள். காலியிலோ கொழும்பிலோ இருக்கும் குடும்பம் வாப்பாவின் கபுறடிக்கு வர ஒரு நாள் பயணம். ஊர் மையவாடியில் வெள்ளிக்கிழமை போய் நின்று ஓதும் ஆறுதல் அவர்களுக்கு இல்லை. அந்த வருடங்களில் தொடங்கிய பிரசர் என்றால் இதையும் கேளுங்கள்.

மொழியும் ஆளை வருத்தும். அம்பாறை நகர ஆஸ்பத்திரிக்குத் திருக்கோவிலில் இருந்து அனுப்பப்படும் ஒருவர் சிங்களத்தில் கேட்டதற்கு “ஓம், ஓம்” என்று தலையாட்டிவிட்டு வருவார். என்ன சொன்னார்கள் என்று அவருக்கும் தெரியாது, கேட்கும் நமக்கும் தெரியாது. எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, என்னென்ன வருத்தம், கடைசி எண்கள் என்று ஆங்கிலத்தில் எழுதிய ஒரு துண்டைக் கிளினிக் கொப்பியின் முன்மட்டையில் ஒட்டிவிடுங்கள். வாகரைப் பக்கத்து வேடர், அளிக்கம்பை வனக்குறவர் போன்றவர்களுக்குப் பேச்சு மொழியோடு சாதிப் பார்வையும் சேர்கிறது. ஒருமுறை வரிசையில் ஏச்சு வாங்கியவர் அடுத்தமுறை வரவேமாட்டார்.

சாவைப் பற்றிய பேச்சு வந்தால் ஒளிக்க வேண்டாம். “சாகலாம் போல இருக்கா?” என்று நேரே கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. 1995 அளவில் இலங்கையின் தற்கொலை வீதம் லட்சத்துக்கு 47, உலகில் மிகக் கூடிய நாடுகளில் ஒன்று. பிறகு அது பெருமளவு இறங்கியது. மனிதர் திடீரென்று சந்தோசமாகிவிடவில்லை. மிகக் கொடிய பயிர் மருந்துகளை அரசாங்கம் படிப்படியாகச் சந்தையில் இருந்து எடுத்ததுதான் முதன்மையான காரணம். பயிர் மருந்தைப் பூட்டி வைக்க வீடு வீடாகப் பெட்டி கொடுத்து அனுராதபுரப் பக்கம் 180 கிராமங்களில் செய்த பெரிய சோதனையில் குறைவு தெரியவில்லை. பூட்டின் திறப்பு வீட்டில்தானே இருக்கிறது. அதனால் வீட்டில் ஒருவர் அந்த மனநிலையில் இருந்தால் பயிர் மருந்துப் போத்தலை வளவுக்குள் வைக்காதீர்கள், கடைக்கே திருப்புங்கள் அல்லது வேறு ஊரில் வையுங்கள். ஆளைத் தனியே விட வேண்டாம். 1926 என்பது தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி, இரவிலும் எடுக்கலாம். முயன்று பிழைத்தவரைப் பொலிஸ் பிடிக்கும் என்று ஆஸ்பத்திரியில் பொய் சொல்பவர்கள் இருக்கிறார்கள். 1998இல் இருந்து அது குற்றமல்ல. என்ன குடித்தார் என்று உண்மையைச் சொன்னால்தான் சரியான மாற்று மருந்து கொடுக்கலாம்.

மனசு என்று முடிவு கட்ட முதல் இரண்டு இரத்தப் பரிசோதனை கேளுங்கள்: தைரொயிட்டும் ஹீமோகுளோபினும். தைரொயிட் குறைந்தால் சோர்வும் அழுகையும் வரும், கூடினால் படபடப்பு. வியர்த்து, நடுங்கி, நெஞ்சடித்து, “ஏதோ பிடிச்சிட்டு” என்று கத்தினால் முதலில் சீனி பாருங்கள். 70க்குக் கீழே என்றால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள். ஆள் நினைவில்லாமல் இருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. நீண்டகாலச் சீனிக்காரருக்கு மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலும் வரும். மூச்சு முட்டல், வியர்வை, சத்தி மட்டும் இருந்தாலும் 1990தான், “யோசனையாக்கும்” என்று கைமருந்து பார்க்க நேரமில்லை.

அடுத்த கிளினிக்குக்கு நீங்களும் கூடப் போங்கள். டொக்டருக்கு ஆளுக்கு மூன்று நிமிடம் கிடைத்தால் பெரிது, கதை சொல்ல இடமிருக்காது. கொப்பியின் புதுப் பக்கத்தில் மூன்று வரி எழுதிக் காட்டுங்கள்: ஆறு நாள் வீட்டுப் பிரசர்ச் சராசரி, மிஞ்சிய குளிசை எத்தனை, ஏன், இரவில் எத்தனை மணி நித்திரை, எதனால் முழிக்கிறார். “இரவு ரெண்டு மணிக்கு முழிச்சா பிறகு நித்திரை இல்ல, ஞாயிறு இரவு முழுக்க இல்ல” என்ற ஒரு வரி இருந்தால், மருந்தைக் கூட்டுவதா உளநலப் பிரிவுக்குத் துண்டு எழுதுவதா என்று அவரால் அந்த மூன்று நிமிடத்துக்குள் முடிவெடுக்க முடியும்.